மென்பொருள் சப்போர்ட்டில் முதல் ஆண்டுகள்: பிழையின் மூலத்தைத் தேடும் முறை

நிரல் எழுதும் ஆசையோடு மென்பொருள் நிறுவனத்தில் சேரும் இளைஞர்களில் பலர், முதல் நாளே சப்போர்ட் பிரிவில் ஒரு ஹெட்செட்டுடன் உட்கார வைக்கப்படுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 1990களின் இறுதியில் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில், கணக்கு எழுதவும் பில் போடவும் சரக்கிருப்பைப் பார்க்கவும் பயன்படும் மென்பொருளுக்குத் தொலைபேசி வழியே உதவி செய்யும் வேலையில் நான் சேர்ந்தேன். பாரிமுனை மொத்த வியாபாரிகள், திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிகள், சிவகாசி அச்சகங்கள் ஆகியோர் எங்கள் வாடிக்கையாளர்கள். பிற்பாடு நிரல் எழுதும் வேலைக்குப் போனேன், குழுக்களையும் நடத்தினேன். என்றாலும், காரணம் தெரியாத ஒரு பிழை முன்னால் வந்து நிற்கும் நேரத்தில் எனக்கு இன்றும் கைகொடுப்பது அந்த ஆண்டுகளில் பழகிய முறைதான்.

சரிசெய்யத் தொடங்குவதற்கு முன்னால், உண்மையில் என்ன நடந்தது என்பதை ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த முறை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இதைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனெனில் மறுமுனையில் இருப்பவர் அவசரத்தில் இருப்பார், உங்கள் மேலாளர் அழைப்பின் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், உங்களுக்கோ விடை தெரிந்துவிட்டது போன்ற எண்ணம் அழைப்பின் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும்.

அழைப்பவரை முழுவதும் பேச விடுங்கள்

அழைப்பவர் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லமாட்டார். தமக்கு நேர்ந்திருக்கும் இடையூறிலிருந்துதான் தொடங்குவார். "லாரி வாசலில் நிற்கிறது, பில் போட முடியவில்லை" என்பது அவருடைய முதல் வாக்கியமாக இருக்கலாம். அதைப் பதற்றம் என்று ஒதுக்கிவிட்டு, மென்பொருளின் பதிப்பு எண்ணைக் கேட்கத் தொடங்காதீர்கள். எந்த வேலை நின்றிருக்கிறது, அது எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற இரண்டு செய்திகளும் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கின்றன. கையால் பில் எழுதி லாரியை அனுப்பிவிட்டு, அதே எண்ணில் பிறகு பதிந்துகொள்ளலாமா என்று நீங்களாகவே கேட்டால் அவருடைய அவசரம் தணியும். பிழையைத் தேடுவதற்கு இருவருக்கும் நேரம் கிடைக்கும்.

அவர் பேசி முடித்த பிறகு மூன்றை மட்டும் கேளுங்கள்: என்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார், என்ன வரும் என்று எதிர்பார்த்தார், என்ன வந்தது. முதல் கேள்விக்கு அவர் தம் வேலையின் மொழியிலேயே விடை சொல்லட்டும். "நேற்று வந்த சரக்கை வரவு வைத்துக்கொண்டிருந்தேன்" என்று அவர் சொன்னால், அது எந்தத் திரை என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "ஏதோ எரர் வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன்" என்ற விடைதான் கிடைக்கும். அப்போது அதே செயலை மீண்டும் செய்யச் சொல்லி, திரையில் வரும் செய்தியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தயங்குபவர்களும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்கள். இன்று வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்பது பெரிய வசதி. ஆனால் செய்தி வந்த பெட்டியை மட்டும் அனுப்பாமல் முழுத் திரையையும் அனுப்பச் சொல்லுங்கள், ஏனெனில் பின்னால் தெரியும் தேதியும் பயனர் பெயரும் பல நேரங்களில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

"நேற்றுவரை ஓடியது, நாங்கள் எதையும் மாற்றவில்லை" என்பது நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம். அது பொய்யில்லை, மென்பொருளில் அவர்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். எனவே "என்ன மாற்றினீர்கள்" என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. புதிய கணினி வந்ததா, பிரிண்டர் மாறியதா, மின்சாரம் போய் வந்ததா, விண்டோஸை மறுபடி நிறுவினார்களா, ஹார்டுவேர் இன்ஜினியர் வந்து போனாரா, பதிவு செய்பவர் புதியவரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம், அது போன வாரம்" என்ற விடை வரும்.

பேசும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களை அழைத்தவர்களில் பெரும்பாலோர் எங்களைவிடப் பல ஆண்டுகள் மூத்த கணக்கர்கள். அவர்கள் எங்களைத் தம்பி என்றார்கள். நாங்கள் அவர்களைச் சார் என்றோம், சிவகாசிப் பக்கத்து வியாபாரிகளை அண்ணாச்சி என்றோம். கணினியில் அவர்களுக்குத் தயக்கம் இருந்திருக்கலாம். ஆனால் பற்று வரவு ஏன் பொருந்தவில்லை என்பதை ஐந்தொகையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்த அறிவைக் கேட்டுப் பெறுவது மரியாதை மட்டுமன்று, பிழையை விரைவில் கண்டுபிடிக்கும் வழியும் அதுவே. "நீங்கள் தவறாக அழுத்திவிட்டீர்கள்" என்ற வாக்கியத்தை ஒருபோதும் சொல்லாதீர்கள். அதைச் சொன்ன கணத்திலிருந்து அவர் தாம் செய்ததை மறைக்கத் தொடங்குவார்; அதன் பிறகு உங்களுக்கு உண்மை கிடைக்காது.

காணாமல் போன ஏப்ரல் பில்கள்

கேள்வியின் பயனை விளக்க ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்கிறேன். இந்த வகைப் பிழை இன்றைய மென்பொருள்களிலும் உயிரோடு இருக்கிறது.

விண்டோஸுக்கான எங்கள் புதிய பதிப்பு, 1998-இல் வெளியான விஷுவல் பேசிக் 6 மொழியில் எழுதப்பட்டது. ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு கணக்கர் அழைத்து, மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களின் பில்கள் தினசரிப் பதிவேட்டில் காணவில்லை என்றார். 13-ஆம் தேதி முதல் எல்லாம் சரியாக இருந்தன. கோப்பு கெட்டுவிட்டது, பேக்கப்பிலிருந்து பழைய தரவை மீட்டுவிடலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால், முதல் பன்னிரண்டு நாள்களில் ஒரு பில்கூட இல்லையா என்று மீண்டும் கேட்டபோது, 4-ஆம் தேதிக்குரிய பில்கள் மட்டும் இருப்பதாகச் சொன்னார். அதோடு, முடித்துவைத்த சென்ற நிதியாண்டின் விற்பனைத் தொகை கூடியிருப்பதாகவும் வருத்தத்துடன் சொன்னார். அதைத் தனிப் பிரச்சினை என்று நினைத்திருந்தார்.

இரண்டும் ஒன்றுதான். மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரு புதிய கணினி வந்திருந்தது. அதில் விண்டோஸை நிறுவியவர் நாட்டு அமைப்பை அமெரிக்கா என்றே விட்டுவிட்டார். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். கணக்கர் 05/04 என்று தட்டினால், மென்பொருள் அதை மே 4 என்று புரிந்துகொண்டது. 01/04, 02/04, 03/04 ஆகியவை முறையே ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று ஆகி, மார்ச் 31-உடன் முடிந்துவிட்ட நிதியாண்டுக்குள் போய் உட்கார்ந்தன. அதனால்தான் பழைய ஆண்டின் தொகை கூடியது. 5 முதல் 12 வரையுள்ளவை மே முதல் டிசம்பர் வரையிலான மாதங்களின் 4-ஆம் தேதிகளுக்குச் சிதறின. 04/04 எந்த முறையில் படித்தாலும் ஒன்றே என்பதால் தப்பியது. 13/04 வந்தபோது பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், விஷுவல் பேசிக்கின் தேதி மாற்றும் செயற்கூறு எந்த எச்சரிக்கையும் தராமல் தானாகவே அதை ஏப்ரல் 13 என்று திருப்பிப் படித்துக்கொண்டது.

பேக்கப்பை மீட்டிருந்தால் உழைத்துப் பதிந்த பில்கள் அனைத்தும் அழிந்திருக்கும். காரணமும் அப்படியே இருந்திருக்கும். தீர்வு பில் எண்களிலிருந்து கிடைத்தது. எண்கள் வரிசையாக ஏறுபவை என்பதால், எந்த எண்ணுக்கு எந்தத் தேதி இருக்க வேண்டும் என்பதற்கு அவையே சான்று. முதலில் நாட்டு அமைப்பைத் திருத்தி, பிறகு எண் வரிசைப்படி தேதிகளைச் சரிசெய்து, இறுதியில் கணக்கரிடமிருந்த பில் புத்தக நகலுடன் ஒப்பிட்டோம்.

எல்லாம் போய்விட்டது என்று சொல்லப்படும் இடத்தில் எது தப்பியது என்று கேளுங்கள். எதுவும் வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் இடத்தில் எது வேலை செய்கிறது என்று கேளுங்கள். தப்பியதற்கும் போனதற்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் காரணமும் இருக்கும்.

நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்

எங்கள் பழைய பதிப்பு ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்டது. அதன் டி.பி.எஃப் கோப்பின் தொடக்கப் பகுதியில், கோப்பில் மொத்தம் எத்தனை பதிவுகள் உள்ளன என்ற எண் எழுதப்பட்டிருக்கும். பதிவு வட்டில் எழுதப்பட்டு, அந்த எண் திருத்தப்படுவதற்குள் மின்சாரம் போனால், பதிவு கோப்பில் இருந்தும் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாது. மின்தடை அதிகமுள்ள ஊர்களில் இது அடிக்கடி நேர்ந்தது. இந்த நிலையில் யாராவது பேக் (PACK) என்ற கட்டளையை இயக்கினால், கணக்கில் உள்ள பதிவுகளை மட்டும் வைத்துக் கோப்பு புதிதாக எழுதப்படும். மறைந்திருந்தவை நிரந்தரமாகப் போய்விடும். அதற்கு முன்பே கோப்பின் நகல் இருந்தால், அந்த எண்ணைத் திருத்தி எல்லாவற்றையும் மீட்டுவிடலாம்.

ஃபாக்ஸ்புரோ இன்று உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால், சரிசெய்வதற்கென்று இருக்கும் கருவிகளில் பல தரவைத் திருத்தி எழுதுபவை என்பது எந்தத் தரவுத்தளத்துக்கும் பொருந்தும். எனவே வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முதலில் மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் மூடச் சொல்லி, தரவுக் கோப்புறையை அன்றைய தேதியும் நேரமும் கொண்ட பெயரில் நகலெடுங்கள். நகல் வேறொரு வட்டில் இருக்கட்டும். எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நகல் என்று எண்ணுங்கள். ஃபிளாப்பிகளில் பேக்கப் எடுத்த காலத்தில், ஒரு தொகுப்பின் கடைசி வட்டு படிக்கப்படாததால் முழுத் தொகுப்பும் வீணானதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று கிளவுடில் இருக்கிறது என்று சொல்பவர்களிடமும், அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

நகல் கையில் இருந்தால் துணிவோடு தேடலாம். பிழையை மறுபடி வரவழைக்க முடிகிறதா என்பதே முதல் சோதனை. வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வேறு கணினியிலிருந்து அதே பயனராக நுழைந்தால் வருகிறதா, அதே கணினியில் வேறு பயனராக நுழைந்தால் வருகிறதா, வேறு தரவைத் திறந்தால் வருகிறதா என்று மூன்று திசைகளில் பாருங்கள். இந்த மூன்று விடைகளும் சேர்ந்து, கோளாறு கணினியில் உள்ளதா, பயனரின் உரிமைகளில் உள்ளதா, தரவில் உள்ளதா என்பதைப் பிரித்துக் காட்டிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதித்து, பயன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்து பிழை நின்றுவிட்டால், அது எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த வாடிக்கையாளருக்கு அந்த நான்கையும் செய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 98-இலிருந்து எக்ஸ்பிக்கு வாடிக்கையாளர்கள் மாறியபோது இந்தப் பிரித்தறியும் முறை எங்களுக்குப் பெரிதும் உதவியது. 98-இல் எந்தப் பயனரும் எந்தக் கோப்பிலும் எழுதலாம். எக்ஸ்பியில் அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத பயனர்கள் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுத முடியாது. எங்கள் மென்பொருளோ தன் அமைப்புகளை அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தது. முதலாளி நுழைந்தால் வேலை செய்தது, ஊழியர் நுழைந்தால் பொருளற்ற ஒரு பிழைச் செய்தி வந்தது. ஃபைல்மான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டு, எந்தக் கோப்பை எழுத முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது என்பதை ஒரு வரியில் கண்டோம். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்த கருவி அது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஃபைல்மானும், விண்டோஸின் அமைப்புப் பதிவகத்தைக் கண்காணிக்கும் ரெஜ்மானும் இணைந்து இப்போது பிராசஸ் மானிட்டர் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸ் கணினிகளுக்கு உதவி செய்யும் எவரும் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. அந்தக் கோப்புறையில் எழுத முயலும் பழைய மென்பொருளை விஸ்டா தடுக்காமல், அது எழுதுவதை அந்தப் பயனருக்கே உரிய தனி இடத்துக்குத் திருப்பிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால், ஒரே கணினியில் காலை ஷிஃப்ட்டில் இருப்பவர் மாற்றிய விலைப்பட்டியல் மாலை ஷிஃப்ட்டில் வருபவருக்குத் தெரியவில்லை. "சில நேரம் சரியாக இருக்கிறது, சில நேரம் இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் சில நேரங்களில் கணினியின் முன் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேளுங்கள்.

நம்முடைய மென்பொருள் காரணமில்லாதபோது

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியபோது, கணினி அறுபது நொடி எண்ணிவிட்டுத் தானாக மறுதொடக்கம் செய்தது. பில் போடும் நேரத்தில் அது நேர்ந்தவர்கள், எங்கள் மென்பொருள்தான் கணினியை அணைக்கிறது என்று அழைத்தார்கள். எங்களுடையது இல்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டிப்பது சுலபம். அப்படிச் செய்தால் அவர் மீண்டும் அழைப்பார், கூடுதல் கோபத்துடன். மென்பொருளை மூடிவிட்டு இணையத்தில் மட்டும் இணைத்துப் பாருங்கள் என்று சொல்லி, அப்போதும் அதே எண்ணிக்கை தொடங்குவதை அவரே காணச் செய்ய வேண்டும். ரன் பெட்டியில் எதைத் தட்டினால் அந்த எண்ணிக்கை நிற்கும் என்பதையும், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்தை யாரிடம் சொல்லி நிறுவுவது என்பதையும் சொல்லிவிட்டால், பொறுப்பு நம்முடையதாக இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

தமிழ் எழுத்துகளும் இப்படிப்பட்ட அழைப்புகளைக் கொண்டுவந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற எழுத்துரு முறைகளை அறிவித்திருந்தாலும், சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தரவு கெட்டுவிட்டது என்று எண்ணி எல்லாப் பெயர்களையும் மறுபடி தட்டத் தொடங்கியவர்கள் உண்டு. தரவு அப்படியே இருக்கிறது, எழுத்துரு மட்டுமே இல்லை என்பதை அவர் எதையும் தொடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். யூனிகோடு பரவிய பிறகு இது குறைந்துவிட்டது, ஆனால் பழைய தரவை வைத்திருக்கும் அலுவலகங்களிலிருந்து இன்றும் இந்த அழைப்பு வரக்கூடும்.

எழுதி வைப்பது

அழைப்பு முடிந்தவுடன் டிக்கெட்டை, அதாவது அந்த அழைப்பின் பதிவுக் குறிப்பை, எழுதுங்கள். அடுத்த அழைப்பை எடுத்துவிட்டால் முந்தையதன் நுட்பங்கள் மங்கிவிடும். "பில்லிங் வேலை செய்யவில்லை, எல்2-வுக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதப்பட்ட டிக்கெட்டை மேல்நிலைப் பிரிவினர் திருப்பி அனுப்புவார்கள், வாடிக்கையாளர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல நேரிடும். அவருடைய பொறுமை அங்கேதான் தீர்ந்துபோகிறது. மாறாக இப்படி எழுதுங்கள்: "விற்பனைப் பில்லில் ஐம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் இருந்தால், சேமிக்கும்போது கீழ்க்காணும் பிழைச் செய்தி வருகிறது. ஐம்பதும் அதற்குக் குறைவும் இருந்தால் வருவதில்லை. இரண்டு கணினிகளில், இரண்டு பயனர்களாகச் சோதித்தும் இதே விளைவு. இந்த மாதத் தொடக்கத்தில் புதிய பதிப்பை நிறுவியதிலிருந்து வருகிறது. இரண்டு பில்களாகப் பிரித்துப் போடும்படி தற்காலிகமாகச் சொல்லியிருக்கிறேன். இன்று மாலை ஐந்து மணிக்குத் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்." இதைப் படிக்கும் நிரலாளர் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதைக் கிட்டத்தட்ட அறிந்துகொண்டுவிடுவார்.

கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்பது ஊகம். சர்வரிலிருந்து ஒரு கோப்பை நகலெடுக்க இத்தனை நிமிடம் ஆனது என்பது கண்டது. ஊகம் தவறாகப் போகலாம், அதில் குற்றமில்லை; ஆனால் அது கண்டதைப் போல எழுதப்பட்டால் அடுத்தவர் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போவார்.

திரும்ப அழைப்பதாகச் சொன்ன நேரத்தில், சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அழையுங்கள். மார்ச் மாதக் கடைசியில், ஆண்டுக் கணக்கை முடிக்கும் நெருக்கடியில், எங்களிடம் மிகக் கடுமையாகப் பேசியவர்களும் இந்த ஒன்றால் அமைதியடைந்தார்கள். விடை தாமதமாவதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பது தெரியாமல் காத்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரே அழைப்பு மீண்டும் மீண்டும் வரும்போது

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அச்சிடுபவர்கள், அச்சு நகர்ந்துகொண்டே போகிறது என்று அடிக்கடி அழைப்பார்கள். முதல் பில் சரியாக வரும். அடுத்தது ஓர் அங்குலம் முன்பே, முதல் தாளின் அடியிலேயே தொடங்கிவிடும். மூன்றாவது இன்னும் ஓர் அங்குலம் முன்பாக. தாளைச் சரியாகப் பொருத்துங்கள் என்று சொல்லி இந்த அழைப்பை முடித்துவிட முடியும், மறுநாள் வரை. உண்மையான காரணம் வேறு. அமெரிக்கத் தொடர்தாளின் நீளம் 11 அங்குலம். பல பிரிண்டர்கள் அந்த அளவிலேயே அமைக்கப்பட்டு வந்தன. நம் ஊரில் பரவலாக விற்கப்பட்ட 80 பத்தித் தொடர்தாளின் நீளம் 12 அங்குலம். அங்குலத்துக்கு ஆறு வரி என்ற கணக்கில், பிரிண்டர் 66 வரிகளில் பக்கம் முடிந்துவிட்டதாக நினைக்கும். தாளிலோ 72 வரிகள். அச்சிடத் தொடங்கும் முன் பக்க நீளத்தை 72 வரிகளாக அமைக்கும் கட்டளையை மென்பொருளே பிரிண்டருக்கு அனுப்பும்படி நிரலைத் திருத்திய பிறகு, அந்த அழைப்புகள் நின்றுவிட்டன.

பிரிட்டன் அரசின் கணினி முகமை 1980களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய, தகவல் தொழில்நுட்பச் சேவைக்கான ஐடிஐஎல் நடைமுறைகள், நின்றுபோன வேலையை மீண்டும் ஓடவைப்பதையும் அது நின்றதற்கான மூலத்தை நீக்குவதையும் இரு வேறு பணிகளாகப் பிரிக்கின்றன. முதலாவது அன்றைய அழைப்புக்குள் முடிய வேண்டும். இரண்டாவதற்கு நேரமும், வேறு பிரிவினரின் ஒத்துழைப்பும் தேவை. பெரும்பாலான சப்போர்ட் பிரிவுகளில் முதலாவது மட்டுமே அளக்கப்படுகிறது என்பதால், இரண்டாவதை யாரும் கேட்காமலேயே நீங்கள் செய்ய வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை உங்கள் டிக்கெட்டுகளைப் புரட்டி, ஒன்றுக்கு மேல் வந்தவற்றைத் தனியாக எழுதுங்கள். எத்தனை வாடிக்கையாளர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், தற்போது சொல்லப்படும் தற்காலிக வழி என்ன என்ற மூன்றும் இருந்தால், நிரலாளர்களிடம் வாதாட வேண்டிய தேவையே எழாது. என்னை நிரல் பிரிவுக்கு அழைத்துக்கொண்டவர்கள் இந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் அழைத்தார்கள். சப்போர்ட்டிலிருந்து வெளியேற வழியே இல்லை என்று வருந்துபவர்களுக்கு நான் காட்டும் வழியும் இதுவே.

கருவிகள் மாறியிருக்கின்றன

தொலைவிலிருந்தே வாடிக்கையாளரின் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை வந்த பிறகு, திரையில் என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. இதில் ஓர் இழப்பும் உண்டு. அவருடைய கணினிக்குள் நீங்கள் நுழைந்தவுடன் அவர் விலகிக்கொள்வார். அவர் சொல்லியிருக்கக்கூடிய செய்தி உங்களுக்கு வராமலே போகும். எனவே இணைந்த பிறகும், உடனே மவுஸை எடுத்துக்கொள்ளாமல், பிழை வந்த வழியை அவரையே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஒருபோதும் நினைத்துப் பார்க்காத வரிசையில் அவர் திரைகளைத் திறப்பதை அப்போதுதான் காண்பீர்கள்.

இதே கருவிகளை வைத்து மோசடி செய்பவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், இணைவதற்கு முன் அனுமதி கேட்பதும், வங்கிப் பக்கங்களையும் மின்னஞ்சலையும் மூடச் சொல்வதும், கடவுச்சொல்லை அவரையே தட்டச் சொல்வதும், வேலை முடிந்ததும் இணைப்பு துண்டிக்கப்பட்டதை அவரே பார்த்து உறுதிசெய்யச் சொல்வதும் உங்கள் வழக்கமாக இருக்கட்டும்.

டிக்கெட் முறை எவ்வளவு நவீனமாக இருந்தாலும், உங்களுக்கென்று ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறும்போது டிக்கெட்டுகள் உங்களுடன் வராது. ஒவ்வொரு கடினமான நிகழ்வுக்கும், முதலில் என்ன சொல்லப்பட்டது, எந்தக் கேள்வி திசையைத் திருப்பியது, காரணம் என்ன, எப்படி உறுதிசெய்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், தரவின் பகுதிகள், கடவுச்சொற்கள் ஆகிய எதுவும் அதில் இடம்பெறக் கூடாது; அவற்றை எழுத உங்களுக்கு உரிமையில்லை, அவை இல்லாமலே அந்த நிகழ்வின் பாடம் முழுமையாக இருக்கும். நேர்முகத் தேர்வில் உங்கள் அனுபவத்தைப் பற்றிக் கேட்கும்போது, நூற்றுக்கணக்கான அழைப்புகளைக் கையாண்டேன் என்று பொதுவாகச் சொல்வதைவிட, அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு நிகழ்வை எடுத்துத் தொடக்கம் முதல் காரணம் வரை படிப்படியாகச் சொல்லுங்கள்.